ரேடியோவின் வயர்

கிண்ணியாப் பள்ளிக்கூட வாசலில் நிவாரண லொறி நிற்கிறது. பெயர்ப்பட்டியல் இல்லாமல் மூட்டை இறக்க ஏலாதாம். மூதூரிலிருந்து இடம்பெயர்ந்த அத்தனை குடும்பங்களின் பெயர்களும் ஆசிரியை ஸுல்பிகாவின் மடிக்கணினிக்குள் இருக்கின்றன. பற்றரி செத்துவிட்டது. யன்னல் கம்பிகளூடாக வெயில் அதன் கறுப்பு மூடியில் கோடு கோடாக விழுகிறது. “கனடாச் சாமான் டீச்சர். அங்க கரண்ட் நூற்றிப்பத்து, இங்க இருநூற்றிமுப்பது. அங்கயிருந்து வந்த எங்கட ரைஸ் குக்கர் மாதிரி வெடிக்கும்,” என்கிறார் மூதூரிலிருந்து வந்த அபூதாஹிர். ஸுல்பிகா மடிக்கணினியின் சார்ஜர் அடப்டரில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டை நகத்தால் சுரண்டுகிறாள். அடியில் பொடி எழுத்துகள். “நூறிலயிருந்து இருநூற்றிநாற்பது வரைக்கும் தாங்கும் எண்டு போட்டிருக்கு. பிளக்தான் பொருந்தாது. வயரை மாத்தினாச் சரி.” மேசையில் ரேடியோ செய்தி வாசிக்கிறது: “இடம்பெயர்ந்தோர் தொகை இன்னும் தெரியவில்லை.” அவள் சுவர்ச் சுவிட்சை அணைத்து, ரேடியோவின் வயரைக் கழற்றி அடப்டரில் செருகுகிறாள். அளவெடுத்தாற்போல் இறங்குகிறது. மறுபடி சுவிட்சைப் போடுகிறாள். மேசையைச் சுற்றி நிற்கும் எல்லோரும் ஓரடி பின்வாங்குகிறார்கள். வெடிக்கவில்லை. பச்சைப் புள்ளி எரிகிறது, திரை வெளுக்கிறது, பெயர்கள் வரிசையாக எழுகின்றன. “அபூதாஹிர், உம்மு குல்சும், பிள்ளைகள் அஞ்சு,” என்று வாசிக்கிறாள். “ஓம்!” என்று அவர் கையை உயர்த்திப் போடும் சத்தம் லொறிவரை கேட்கிறது.