பட்டியலில் உள்ள பெயர்

மழை விட்ட வெயில் கப்பல் ஜன்னல் வழியே சாய்ந்து, உருளைக்கிழங்கு வறுவல் தட்டின் மேல் விழுகிறது. தட்டு ஒன்றுதான், எதிரெதிரே உட்கார்ந்து அதில் கை வைப்பவர்கள் இரண்டு கட்சி வேட்பாளர்கள், ஒரு ஆணும் ஒரு பெண்ணும். நாளை மறுநாள் தேர்தல். அடுத்த தீவில் இறங்கியதும் ஆளுக்கொரு பக்கம் ஓட்டுக் கேட்கப் போகவேண்டும், அதுவரை சண்டையில்லை. ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுகளைச் சூழ்ந்த கடலில் அலை தூக்கும்போதெல்லாம் தட்டு அவள் பக்கம் நழுவுகிறது. டார்க்குவில் நெடுங்கால்களை மடக்கிக்கொண்டு அதை நடுவுக்கு இழுக்கிறான். தேநீர் விற்கும் எஃபி, சுவரில் ஒட்டிய வேட்பாளர் பட்டியலை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படிக்கிறாள்.

"ஏண்டா கொக்கு, யாருடா இந்த டார்க்குவில் மெக்காஸ்கில்? கேள்விப்பட்டதே இல்ல. எந்த ஊர்க்காரனோ, இங்க வந்து நிக்கிறான்!"

வறுவல் அவனுக்குப் புரையேறுகிறது. ஐந்து வயதிலிருந்து தீவில் அவனை யாரும் வேறு பெயர் சொல்லி அழைத்ததில்லை.

"அக்கா, அது நான்தான்."

"உனக்குப் பேரு வேற இருக்கா?"

எதிரில் இருப்பவள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறாள். எஃபியின் விரல் பட்டியலில் ஒரு வரி கீழே இறங்குகிறது.

"சிரிச்சது போதும். நீ சொல்லு நண்டு, இந்த வில்லியமினா நிக்கல்சன் யாருடி?"

மேசை தட்டிய கை அந்தரத்தில் நிற்கிறது. கொக்கு, தட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறான்.