நீலத் தொப்பி

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் அவள் மாடிப்படி ஏறினாள். மேலே போய்ச் சேர்வதற்குள் பாதி தைரியம் கழன்றுவிட்டது.

மருந்துக்கடைக்கு மேலே உள்ள அந்த அறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஆளுக்கு இரண்டு. ஒன்று வந்தவருக்கு, இன்னொன்று காணாமல் போனவருக்கு.

காலி நாற்காலியில் காணாமல் போனவரின் பொருள் ஒன்றை வைப்பது அங்கே வழக்கம்.

ஓய்வு பெற்ற டிரைவர் மனைவியின் மூக்குக் கண்ணாடியை வைத்தார். எலக்ட்ரீஷியன் தம்பியின் பெல்ட்டை வைத்தார். பெரியக்கா தன் மகளின் மடக்குக் குடையை வைத்தாள்.

அவள் மகனின் நீலத் தொப்பியைப் பையிலிருந்து எடுத்து வைத்தாள். வைக்கும்போதே காது சுட்டது.

இந்த இடத்தை நடத்துவது பெரியக்காதான். பெரியக்காவுக்கு அப்பா வயது இருக்கும் டிரைவர்கூட அவளைப் பெரியக்கா என்றே கூப்பிடுவார். அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று பெரியக்கா சொல்லிப் பார்த்தாள், மனிதர் கேட்பதாக இல்லை.

மகன் சொல்லாமல் கொள்ளாமல் போனபோது சொந்தக்காரர்கள் போனில் விசாரித்ததோடு சரி. வளர்த்த லட்சணம் என்று முதுகுக்குப் பின்னால் பேசவும் செய்தார்கள்.

முன்பின் தெரியாத பெரியக்காதான் வீடு தேடி வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். அவளை நாலு வாய் சாப்பிட வைக்கும்வரை பக்கத்திலிருந்து அசையவில்லை.

எலக்ட்ரீஷியன் வேலை முடிந்து போகும் வழியெல்லாம் மகனின் போஸ்டரை ஒட்டினார். தம்பியின் போஸ்டருக்குப் பக்கத்திலேயே.

இன்று அவள் முறை வந்தது.

"தகவல் ஏதாச்சும் உண்டாம்மா?" என்றார் டிரைவர்.

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினாள்.

டிரைவர் உச்சுக் கொட்டினார். ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தடவை பஸ் ஸ்டாண்டு பக்கம் விசாரித்துவிட்டு வருவதாக எலக்ட்ரீஷியன் சொன்னார். தம்பியைத் தேடப் போகிற வழிதானே, சிரமம் ஒன்றும் இல்லையாம்.

அவள் கூனிக் குறுகிப் போனாள்.

டீ வந்தது. பெரியக்கா வழக்கம்போல ஒவ்வொரு நாற்காலியாக வந்து, சரிந்து கிடந்த பொருட்களை நேராக்கினாள். கண்ணாடியின் காதை மடக்கினாள். பெல்ட்டைச் சுருட்டி வைத்தாள்.

தொப்பியை எடுத்தாள். உள்பட்டையில் பட்ட விரல் அப்படியே நின்றது.

ஈரம்.

தொப்பியைக் கொண்டுவந்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் மகன் அதை மாட்டிக்கொண்டு வெயிலில் வியர்க்க வியர்க்க சைக்கிள் கழுவினான். அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து, ஆணியிலிருந்து எடுத்துப் பையில் திணித்துக்கொண்டு வந்திருந்தாள்.

அவன் திரும்பி வந்து சில வாரங்கள் ஆகின்றன. வந்தவன் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வேதனையைச் சொல்லி அழ அவளுக்கு இவர்களைத் தவிர யாரும் இல்லை. ஆனால் மகன் கிடைத்துவிட்டான் என்று இவர்களிடம் எந்த முகத்தோடு சொல்வது? சொன்ன பிறகு எந்த உரிமையில் இங்கே வந்து உட்காருவது?

பெரியக்கா வேறு யாருக்கும் ஈரம் தெரியாதபடி தொப்பியைக் கவிழ்த்து வைத்தாள்.

பிறகு குனிந்து, அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"ஒழுங்கா சாப்பிடறானா?"

அவள் தலை நிமிராமல், ஆமாம் என்று அசைத்தாள்.

பெரியக்கா அவள் தோளை ஒருமுறை அழுத்தினாள். தன் இடத்துக்குப் போய், குடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.