பதினான்காவது பாயிண்ட்

"தண்ணி இறைக்கிற மோட்டாரைத் தூக்கிக் குடுத்துட்டியா? அதுவும் பக்கத்து வீட்டுக்காரனுக்கா?"

கொட்டுகிற மழையில் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடி வந்தவர், ரப்பர் பூட்ஸோடு பேஸ்மென்ட் படியில் நின்று மனைவியைப் பார்த்துக் கத்தினார். ஆபீஸில் அவருக்கு 'முன்ஜாக்கிரதை' என்றே பெயர்.

சுவரில் அவர் ஒட்டிய பட்டியல். மணல் மூட்டை, டார்ச், சாக்கடை அடைப்பு எடுப்பது என்று பதினான்கு பாயிண்ட். கடைசி பாயிண்ட் சிவப்பு மையில்: 'மோட்டார் யாருக்கும் இரவல் கிடையாது.'

"போன வருஷம் கேட்டான், முடியாதுன்னேன். அதிலேர்ந்து என் முகத்துலயே முழிக்கிறதில்லை. அவனுக்குப் போய்..."

"அவங்க பேஸ்மென்ட்டுல காலையிலயே கணுக்கால் தண்ணிங்க."

"அவனவன் வீட்டை அவனவன் பார்த்துக்கணும்! இங்க தண்ணி வந்தா உன் நாப்பது யூனிஃபார்மும் போச்சு. திங்கட்கிழமை ஸ்கூலுக்கு எதைக் குடுப்பே? ஈரத்துணியையா?"

அந்த பேஸ்மென்ட்தான் அவளுடைய தையல் கடை. மெஷினிலிருந்து அவள் தலை நிமிரவில்லை.

"பட்டனுக்குக் காஜா எடுக்கிறது மட்டும்தான் பாக்கி" என்றாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் இவருடைய மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. இவருக்கு வயிறு எரிந்தது. வழக்கமாகத் தண்ணீர் வருகிற மூலையையே முறைத்துக்கொண்டு நின்றார். போன வருஷம் ஒரு மணி நேர மழைக்கே முழங்கால் அளவு நின்றது. இன்று விடிந்ததிலிருந்து ஊற்றுகிறது, தரையில் பொட்டு ஈரம் இல்லை. பூட்ஸ் போட்டதே வீண் போல இருந்தது.

"அண்ணே!"

பக்கத்து வீட்டுக்காரர், தலையில் துண்டோடு படியிறங்கி வந்தார்.

'வாடா மகனே வா' என்று கறுவிக்கொண்டு இவர் வாயைத் திறந்தார்.

"மன்னிச்சிடுங்கண்ணே. உங்களைப் போய்க் கல்நெஞ்சக்காரர்னு தெருவெல்லாம் சொல்லிட்டிருந்தேன். கேக்காமலே மோட்டார் குடுத்தனுப்பிட்டீங்களே! 'ஆபீஸ் போறப்பவே சொல்லிட்டுப் போனாரு'ன்னு அண்ணி சொன்னாங்க."

இவர் திரும்பிப் பார்த்தார். மனைவி மும்முரமாக ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மூளைண்ணே உங்களுக்கு! எங்க வீட்டுல நிரம்புற தண்ணிதான் நடுச்சுவர் வழியா இங்க கசியுதாம். இன்னிக்குத்தான் பிளம்பர் சொன்னாரு. அங்கேயே இறைச்சதால ரெண்டு வீடும் தப்பிச்சுது."

இவரை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு நிமிஷம்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, பேனாவை எடுத்துப் பதினான்காவது பாயிண்டை அடித்தார். அதன் மேலேயே எழுதினார்: 'முதலில் பக்கத்து வீட்டுக்கு மோட்டார்.'

பிறகு மனைவியிடம் கண்டிப்பாகச் சொன்னார்: "நல்லாப் பார்த்துக்கோ. எத்தனை தடவை சொல்லியிருக்கேன், எதையும் முன்கூட்டியே யோசிக்கணும்னு!"