மெக்கானிக்கின் காது

பக்கத்துத் தெரு டீச்சர் நீட்டிய கைபேசியைக் கார் மெக்கானிக் காதோடு ஒட்டிக்கொண்டார். அதில் பதிவாகியிருந்த ஓர் எஞ்சின் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"போதும் டீச்சர். பேரிங் போச்சு. எஞ்சினையே இறக்கணும்."

"அவ்வளவு மோசமா? நாளைக்கு அம்மாவை மலை மேல இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணுமே."

"இதுலயா? பாதி மலையில நின்னுடும். அப்புறம் அம்மாவை நீங்க முதுகுல தூக்கிட்டுத்தான் போகணும்." எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி சிரித்தார். "இருபது வருஷமா சத்தத்தை வச்சே சொல்றவன் நான். இதையும் ஒரு வண்டின்னு உங்க தலையில எவன் கட்டினான்?"

"நல்ல மனுஷன்னுதான் சொன்னாங்க."

"நல்ல மனுஷனா? படிச்சவங்களைத்தான் சுலபமா ஏமாத்தலாம் டீச்சர். மேல பாலிஷ் போட்டு நிறுத்தினா போதும், வாயைப் பிளந்துட்டு வாங்கிடுவீங்க. அந்த ஆளெல்லாம் சோறுதான் திங்கிறானான்னு கேளுங்க."

மெக்கானிக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது.

"இதைத் தூக்கிப் போடுங்க. வாசல்ல நிக்குது பாருங்க, வெள்ளைக் கார், அதை எடுத்துக்குங்க. விக்கத்தான் வச்சிருக்கேன். எஞ்சின் ஓடுதான்னே தெரியாது, அவ்வளவு அமைதி."

டீச்சர் கைபேசியை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அந்த வெள்ளைக் கார் சத்தந்தாங்க இது. காலையில நீங்க இல்லாதப்ப உங்க தம்பி ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். ரேடியோவை மட்டும் நிறுத்தக் கூடாதுன்னார். நான் நிறுத்திட்டேன்."