அணைக்காத கம்ப்யூட்டர்

"அந்தப் பென்டிரைவை மட்டும் எடுக்காதடா," என்றார் மாமா.

மேசைக்கு அடியில் குனிந்திருந்தவன் கையை இழுத்துக்கொண்டான். அக்காவின் கம்ப்யூட்டருக்குப் பின்னால் கட்டைவிரல் அளவில் ஒரு பென்டிரைவ் செருகியிருந்தது. அதன் மேல் தூசி படிந்திருந்தது. அக்கா இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அன்றிலிருந்து அவள் கணவரான மாமா இந்தக் கம்ப்யூட்டரை அணைக்கவே இல்லை. கரண்ட் போனாலும் நிற்காதபடி பெரிய பேட்டரி வேறு வாங்கி வைத்திருந்தார். பாசம் என்று உறவில் பேசிக்கொண்டார்கள்.

"அதுல என்ன மாமா இருக்கு?"

"ஒண்ணும் இல்லை."

அவன் வந்தது அக்காவின் படங்களுக்காக. அம்மாவின் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து, அதிலிருந்த படமெல்லாம் போய்விட்டது. மகள் முகம் மறந்துகொண்டே வருகிறது என்று அம்மா சாப்பிடாமல் கிடந்தாள்.

அவன் வேறு பென்டிரைவ் கொண்டுவரவில்லை. அக்காவின் கம்ப்யூட்டரிலும் லினக்ஸ் இயங்குதளம், அவன் லேப்டாப்பிலும் அதே. வீட்டு வைஃபை வழியாக இரண்டுக்கும் இடையே பகிர்வு போட்டு, இதில் இருப்பதை லேப்டாப்பிலேயே திறந்து எடுத்துக்கொள்ளலாம் என்றான். மாமா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கதவோரம் நின்று நகத்தைக் கடித்தார். லேப்டாப்பில் வைஃபை மெதுவாகத்தான் வந்தது; உங்கள் வைஃபைக்குச் சோறு தண்ணி வைப்பதில்லையா என்று கேட்டுப் பார்த்தான். அவர் சிரிக்கவில்லை.

முதலில் அக்காவின் படங்கள் இருக்கும் போல்டரைத் திறந்தான்.

காலி.

மூடிவிட்டு மறுபடி திறந்தான். காலிதான்.

"படமெல்லாம் எங்க மாமா?"

மாமா ஜன்னலைப் பார்த்தார்.

"அழிச்சிட்டீங்களா?"

மாமா ஜன்னல் திரையை இழுத்து மூடினார்.

"அக்கா போன அன்னிக்கே அம்மா சொன்னாங்க, கல்லு மாதிரி உக்காந்திருந்தாரு, ஒரு சொட்டுக் கண்ணீர் வரலைன்னு. உங்களுக்காக நான்தான் அவங்ககிட்ட சண்டை போட்டேன்."

போன் அடித்தது. கிடைத்ததா என்று அம்மா கேட்டாள். கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம். வந்துகொண்டே இருக்கிறது என்று பொய் சொன்னான்.

"இருக்கிறதையாவது எடுத்துட்டுப் போறேன்," என்றான். அக்கா சேர்த்து வைத்த பாட்டுகளாவது மிஞ்சட்டும். கோபத்தில் கட்டளையைத் தப்பும் தவறுமாக அடித்து, அடித்து அழித்து, அக்காவின் கணக்கில் இருந்த எல்லாவற்றையும் பகிர்வில் போட்டான். ஹாலுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தான். மாமா பின்னாலேயே வந்தார்.

பாட்டைத் தேடியவன் கை தவறி அதே பட போல்டரைத் தட்டினான்.

அக்கா சிரித்தாள். அடுத்த படத்தில் கண்ணை மூடியிருந்தாள். அதற்கடுத்ததில் தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு நின்றாள். படங்கள் இறங்க இறங்க வந்துகொண்டே இருந்தன.

அறைக்குள் ஓடிப் பார்த்தான். அங்கே அதே போல்டர் காலி. திரும்பி வந்தான். இங்கே நிறைய அக்கா.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. லினக்ஸில் ஒரு போல்டரின் மேல் பென்டிரைவை மூடி போல ஏற்றி வைக்கலாம். அந்தக் கம்ப்யூட்டரில் பென்டிரைவில் உள்ளது மட்டுமே தெரியும். அடியில் இருப்பது அழியாமல் மறைந்து கிடக்கும். அவன் போட்ட வகைப் பகிர்வில் மேலே ஏற்றியது வராது; இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து பார்த்தால் அந்த அடிதான் தெரியும்.

"காலி பென்டிரைவை மேல போட்டு மூடியிருக்கீங்க," என்றான் மெதுவாக. "ஏன் மாமா?"

மாமா லேப்டாப்புக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

"அழிக்கவும் முடியலைடா. பார்க்கவும் முடியலை."

"சரி, அதுக்கு எதுக்கு ராப்பகலா அதை ஓட விடணும்?"

"ஒரு தடவை அணைச்சுப் போட்டாலும் மூடினது விலகிடும்," என்றார் மாமா. "அவ வந்துடுவா."