காவல் நீட்டிப்பு

"அய்யா, ஒரு நிமிஷம்!"

எழுந்து நின்றுவிட்டாள்.

நீதிமன்றமே திரும்பிப் பார்த்தது. கறுப்பு அங்கி இல்லை. கழுத்துப்பட்டை இல்லை. வெள்ளைச் சுடிதாரில் ஒரு சட்டக் கல்லூரி மாணவி. இங்கே வாய் திறக்க அவளுக்கு உரிமையே கிடையாது.

"உட்காரு பாப்பா!" இலவச சட்ட உதவி வக்கீல் சுலோசனா துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார். "பார்த்துக் கத்துக்கத்தான் கூட்டிட்டு வந்தேன். எனக்கு வேட்டு வெச்சிராத."

அவள் உட்காரவில்லை.

சுவரில் திரை. திரையில் சிறைச்சாலை. கைதிகள் ஒவ்வொருவராகக் கேமரா முன்னால் வந்து முகம் காட்டுவார்கள். பெயரைக் கூப்பிடுவார்கள். குறை ஏதும் உண்டா என்று கேட்பார்கள். காவல் நீட்டிப்பு. அடுத்த ஆள்.

இப்போது நிற்பவன் ஏசுவடியான். திருட்டுச் சந்தேகம். ஜாமீன் கேட்க நாதியில்லை.

கேள்விக்குப் பதில் வரவில்லை.

வராவிட்டால் குறை இல்லை. அப்படி எழுதிக்கொள்வதுதான் வழக்கம். போன தடவையும் அப்படித்தான். அதற்கு முந்தைய தடவையும்.

"திமிரு புடிச்சவன்யா. ஸ்டேஷன்லயே வாயத் தொறக்கல," என்றார் ஓரமாக நின்ற ஏட்டு. யாரோ சிரித்தார்கள்.

அவள் ஏசுவடியானின் முகத்தைப் பார்க்கவில்லை. தோள்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரை மார்புக்கு மேலேதான் காட்டியது. அந்தத் தோள்கள் ஒரு கணமும் சும்மா இல்லை.

நீதிபதி பேனாவை எடுத்தார். அப்போதுதான் அவள் எழுந்தாள்.

"இங்க பேச உனக்கு அனுமதி இல்லம்மா. தெரியுமா, தெரியாதா?"

"தெரியுங்கய்யா. வெளிய போகச் சொன்னா போயிடறேன். அதுக்கு முன்னாடி அந்தக் கேமராவ மட்டும் கொஞ்சம் கீழ இறக்கச் சொல்லுங்க."

அவள் கால் நகரவில்லை.

நீதிபதி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இறக்குங்கப்பா."

திரை ஆடியது. சட்டைப் பொத்தான்கள். வயிறு.

கைகள்.

விரல்கள் மடிந்தன, விரிந்தன. நெஞ்சைத் தொட்டன. காதைத் தொட்டன. வெறும் காற்றை வெட்டின. மறுபடி முதலிலிருந்து.

இத்தனை தடவையும் அவன் பதில் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறான்.

ஏட்டு தரையைப் பார்த்தார்.

"என்ன சொல்றான்னு..." நீதிபதி நிறுத்தினார். "என்ன சொல்றார்னு இங்க யாருக்காவது தெரியுமா?"

அவள் நடந்துபோய்த் திரைக்கு நேரே நின்றாள். தோள்பையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

வீட்டில் அம்மாவிடம் பேசும்போதும் அவளுக்கு இரண்டு கையும் வேண்டும்.