வெறும் நெற்றி

காலையிலிருந்து பிரதமரின் கை நெற்றி நெற்றியாகத் தொட்டுக்கொண்டிருந்தது.

தலைமறைவுக் காலத்திலிருந்தே எனக்கு அவர் அண்ணன்; நான் பக்கத்தில் தட்டு ஏந்தி நின்றேன். தயிரும் அரிசியும் குங்குமமும் சேர்த்துப் பிசைந்த எங்கள் நேபாளத்துத் தசைன் பண்டிகைத் திலகம். மூன்றாவது தட்டும் பாதி காலி. அண்ணன் விரலால் அள்ளி வைப்பார், காதோரம் முளைப்பாரி நாற்றைச் செருகுவார், வாய்க்குள் ஒரு ஆசி, அடுத்த நெற்றி. முகங்களைப் பார்ப்பதை அவர் எப்போதோ விட்டுவிட்டார்.

ஊருக்கெல்லாம் வைக்கிறவரின் நெற்றி மட்டும் வெறுமையாக இருந்தது.

திலகத்தைப் பெரியவர்தான் சின்னவருக்கு வைக்க வேண்டும். அண்ணனுக்கென்று மிஞ்சியிருக்கிற மூத்தவள் பிஷ்ணுமாயா தீதி ஒருத்திதான். தீதி என்றாலும் கூடப் பிறந்த அக்கா அல்ல. அரண்மனை ஆட்சிக்குத் தப்பிக் காசியில் நாங்கள் ஒளிந்து கிடந்த காலத்தில், எல்லை தாண்டி ரயிலேறி, டிபன் டப்பாவில் திலகமும் முளைப்பாரியும் கொண்டுவந்தவள். நாடு விட்டு ஓடியவர்களுக்கும் பண்டிகை உண்டு என்பது அவள் கட்சி.

கூடவே அவள் மகன் மிலன் வருவான், பொடியன். மாமன் மருமகன் காலைத் தொட்டுக் கும்பிடுவது எங்கள் வழக்கம். அண்ணன் குனிவார். பயல் கூச்சத்தில் காலை இழுத்துக்கொள்வான். அவர் விட மாட்டார்.

இந்த வருஷம் தீதியிடமிருந்து முளைப்பாரி வரவில்லை. ஆளும் வரவில்லை. பதவி வந்ததும் நாங்கள்தான் அவளை மறந்துவிட்டோம், கோபமாக இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். "நல்ல நேரம் முடியப்போகுதே, எங்க அப்பாவை வைக்கச் சொல்லட்டுங்களா?" என்று ஒரு மந்திரி குழைந்தார். அண்ணன் "இருக்கட்டும்" என்றதோடு சரி. தீதிக்காகக் காத்திருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

மனுஷர் மிகவும் களைத்திருந்தார். ஆட்சிக்கு வந்து இரண்டே வருஷம், பத்து வயது கூடியது போல ஆகிவிட்டார். ஆவணியில் எல்லைப்பக்கம் விலைவாசி ஊர்வலத்தில் போலீஸ் சுட்டு மூன்று பேர் செத்தார்கள். "வெளியிலிருந்து வந்த விஷமிகள்" என்று அண்ணன் டெலிவிஷனில் வாசித்தார். ஒரு காலத்தில் எங்களைப் பற்றி அரண்மனை வாசித்த அதே வார்த்தைகள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் உப்பில்லாமல் சாப்பிட்டார். ரத்தக்கொதிப்பாம், டாக்டர் சொன்னாராம்.

வரிசையில் ஒரு நெற்றி குனியவில்லை.

அண்ணனின் விரல் அந்தரத்தில் நின்றது. நிமிர்ந்து பார்த்தார். உடனே எழுந்தார்.

பிஷ்ணுமாயா தீதி. வாசலில் யாரிடமும் பெயர் சொல்லாமல், பொதுவரிசையிலேயே நின்று வந்திருக்கிறாள். பண்டிகை நாளில் வெளுத்த சேலை. சிவப்பு என்று உடம்பில் ஒரு நூல் கிடையாது. அதைக் கவனிக்க எனக்கு அப்போது புத்தி இல்லை.

"வை தீதி. உனக்காகத்தான் வெறும் நெத்தியோட உக்காந்திருக்காரு" என்று தட்டை அவளிடம் நீட்டினேன்.

அவள் சால்வைக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை.

"சாவு விழுந்த வீட்டுக் கைடா. ஒரு வருஷம் வைக்கவும் ஆகாது, வாங்கவும் ஆகாது" என்றாள் என்னிடம். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "மிலன் போயிட்டான் தம்பி. அந்த ஊர்வலத்துல. நீ எனக்காகக் காத்துக்கிட்டிருப்பேன்னுதான் வந்தேன். வேற யாரையாவது வைக்கச் சொல்லு. நல்ல நாள்ல நெத்தி வெறுமையா இருக்கக் கூடாது."

நீட்டிய தட்டை நான் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

அண்ணன் அதிர்ந்துபோவார் என்று பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"தெரியும் தீதி. எனக்கும் துக்கம்தான். அதான் யாரையும் வைக்க விடலை."

அந்த உப்பில்லாச் சோறு எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஜனங்கள் உப்பை விடுவது வீட்டில் சாவு விழுந்தால்.

தீதி அழவில்லை. அவர் முகத்தை விட்டுவிட்டு வலது கையைப் பார்த்தாள். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை சிவப்பு.

"அப்போ ஊருக்கெல்லாம் எந்தக் கையால வச்சே?"

கேட்டுவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

அவளுக்குப் பின்னால் நின்ற பெண் குழந்தையைத் தூக்கிப் பிடித்து அதன் நெற்றியை நீட்டினாள். அண்ணன் மெல்ல உட்கார்ந்தார். கையைத் தட்டுக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தினார்.

"இன்னும் எவ்வளவு பேர் இருக்காங்க?"

"வாசல் வரைக்கும் அண்ணா" என்றேன்.

அவர் விரலை நனைத்தார். நானும் தட்டைச் சாயாமல் பிடித்துக்கொண்டேன்.